144 ஹெர்ட்ஸ் மானிட்டரும் ஒரு கீச்சொலியும்: குறைந்த செலவில் கட்டிய கேமிங் கணினியின் நீண்டகால அனுபவம்

நான் பயன்படுத்தும் கிராபிக்ஸ் கார்டின் விலை அண்மையில் நன்றாகவே இறங்கியிருக்கிறது. அதைக் கவனித்த நண்பர் ஒருவர், என் கணினியின் உதிரிபாகப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டு தாமும் ஒன்று கட்டலாமா என்று கேட்டார். எண்களை மட்டும் பார்த்துப் பதில் சொல்வதென்றால் ‘தாராளமாகக் கட்டலாம்’ என்று முடித்திருக்கலாம். ஆனால் அந்தக் கார்டோடு இத்தனை காலம் ஓர் அறையில் வாழ்ந்தவனுக்கு அவ்வளவு எளிதாக அந்தச் சொல் வாயில் வரவில்லை.

முதலில் குறை சொல்ல முடியாதவற்றைச் சொல்லிவிடுகிறேன். ப்ராசஸர் ரைசன் 5 5600. ஆறு கோர்கள், பன்னிரண்டு திரெட்கள், 65 வாட். கூடவே வரும் சிறிய கூலரே அதற்குப் போதும். இதைவிடச் சற்று மலிவாக ரைசன் 5 5500 கிடைக்கிறது. பெயரைப் பார்த்தால் ஒரு படி மட்டுமே கீழே இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் விரைவு நினைவகமான எல்3 கேஷ் அதில் 16 எம்பிதான். 5600-இல் 32 எம்பி. அதைவிட முக்கியமாக, கிராபிக்ஸ் கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐஇ பாதையில் 5500 பழைய 3.0 தலைமுறையின் வேகத்தோடு நின்றுவிடுகிறது. கையில் அளவான பணத்தோடு கட்டுபவர்களை இது அதிகம் பாதிக்கும். ஏனெனில் குறைந்த விலைக் கார்டுகள் பலவும் அந்தப் பாதையின் 16 தடங்களுக்குப் பதிலாக 8 தடங்களையே பயன்படுத்துகின்றன. ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வெறும் 4 தடங்களில் ஓடுகிறது. தடங்கள் குறைந்த கார்டை, தடத்துக்குப் பாதி வேகமே தரும் பழைய தலைமுறை இணைப்பில் பொருத்தினால், கார்டின் நினைவகம் நிரம்பி தரவு ரேமிலிருந்து வந்துபோக நேரும் தருணங்களில் ஆட்டம் திக்கித் திணறும். சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு வரையப்படும் ஃபிரேம்கள், அதாவது படங்கள்) மட்டும் காட்டும் ஒப்பீட்டு அட்டவணையில் இந்தத் திணறல் பெரும்பாலும் தெரிவதில்லை.

ரேமைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 3200 வேகத்தில் இரண்டு 8 ஜிபி. ஒரே 16 ஜிபியாக வாங்கினால் தரவு போய்வரும் வேகம் பாதியாகிவிடும். கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் சென்று, ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பியை இயக்க மறந்தால், 3200 என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும் அது 2666-இலோ அதற்கும் கீழோதான் ஓடிக்கொண்டிருக்கும். எஸ்எஸ்டி தனக்கென்று டிராம் (தற்காலிக நினைவகம்) இல்லாத மலிவு வகை. கணினியின் ரேமில் சிறு பகுதியைக் கடன் வாங்கி வேலையை முடித்துக்கொள்கிறது. பெரிய கோப்புகளைத் தொடர்ந்து எழுதும்போது வேகம் சரிகிறதே தவிர, ஆட்டங்களைத் திறப்பதில் எனக்கு எந்த வேறுபாடும் தெரிந்ததில்லை.

இனி அந்தக் கார்டு. 8 ஜிபி நினைவகம், 1080பி தெளிவுத்திறனை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட சில்லு, சிக்கனமான மின்செலவு. தயாரிப்பாளரின் பெயரை வேண்டுமென்றேதான் தவிர்க்கிறேன். நான் சொல்லப்போகும் குறை, ஒரே தொழிற்சாலையிலிருந்து ஒரே நாளில் வந்த இரண்டு கார்டுகளில் ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாமல் போகக்கூடியது. பெரும்பாலான ஆட்டங்களை உயர்ந்த அமைப்புகளில் தடையின்றி ஓட்டுகிறது. மிகப் புதிய சில ஆட்டங்களில் டெக்ஸ்சர் தரத்தை ஒரு படி இறக்க வேண்டியிருக்கிறது; 8 ஜிபி கார்டிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பதும் முறையில்லை. வெப்பநிலை கட்டுக்குள் இருக்கிறது, ஃபேன்கள் அமைதியானவை.

ஆனால் அந்தக் கார்டு கீச்சிடுகிறது.

இது ஃபேன் சத்தம் அன்று. காயில் வைன் எனப்படும் தொல்லை. பவர் சப்ளை தரும் 12 வோல்ட்டை, கார்டில் இருக்கும் சீராக்கிகள் ஏறத்தாழ 1 வோல்ட்டுக்கு இறக்குகின்றன. அந்த மின்னழுத்தத்தில் ஒரு சில்லு 100 வாட்டை உண்ண வேண்டுமென்றால் 100 ஆம்பியர் மின்னோட்டம் பாய வேண்டும். அவ்வளவும் விரல்நுனி அளவுள்ள சில செப்புச் சுருள்களின் வழியாகவே போகிறது. சீராக்கிகள் நொடிக்குச் சில லட்சம் முறை திறந்து மூடுவதால் அவற்றின் துடிப்பு நம் செவிக்கு எட்டாது; மனிதக் காதின் மேல் எல்லை ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ்தான். எனினும் சில்லு ஒரு ஃபிரேமை வரைந்து முடித்து அடுத்ததைத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் சுமை இறங்கி ஏறுகிறது. அந்த ஏற்ற இறக்கம் கேட்கக்கூடிய எல்லைக்குள் விழுகிறது. மின்னோட்டம் மாறும்போது காந்தவிசையும் மாறி, சுருளும் அதன் உள்ளகமும் மிக நுட்பமாக அதிர்கின்றன. பல நேரங்களில் பக்கத்திலிருக்கும் செராமிக் மின்தேக்கிகளும் இந்தக் கச்சேரியில் சேர்ந்துகொள்ளும். பழி மட்டும் சுருளின் மீது விழும்.

என்னை எரிச்சலூட்டுவது அதன் நேரம். கடுமையான சண்டைக் காட்சியில், கார்டு தன் முழு வலுவையும் காட்டும்போது, ஏறத்தாழ ஒன்றும் கேட்பதில்லை. ஆட்டத்தின் முகப்புப் பட்டி திறந்திருக்கும்போது, வரைவதற்கு நான்கு பொத்தான்களும் ஒரு பின்னணிப் படமும் மட்டுமே இருக்கும்போது, எஃப்பிஎஸ் கட்டுப்பாடின்றிப் பல நூறுகளுக்குத் தாவுகிறது. அப்போதுதான் மரத்தில் ஒட்டிய சில்வண்டுபோல் கத்தத் தொடங்குகிறது. எஃப்பிஎஸ் ஏறினால் சுருதி ஏறுகிறது, இறங்கினால் இறங்குகிறது. ஃபேனின் இரைச்சல் பல அலைவரிசைகளில் பரவியிருப்பதால் சற்று நேரத்தில் மனம் அதை விலக்கிவிடும். 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் நம் காது மிகக் கூர்மையானது. அங்கே ஒற்றைச் சுருதியாக வரும் ஒலியை விலக்க மனத்துக்குத் தெரிவதில்லை. வீட்டில் இருக்கும் மூத்தவர்களிடம் கேட்டால், தங்களுக்கு எதுவும் கேட்கவில்லை என்கிறார்கள். வயது ஏறும்போது உயர்ந்த சுருதிகள் காதுக்கு எட்டாமல் போவது இயல்புதான். இந்த ஒன்றில் அவர்களைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன்.

நெடுங்காலம் எனக்கு ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. பவர் சப்ளையிலும் சுருள்கள் உண்டு. அங்கிருந்து ஒலி வரலாம், அல்லது அதன் மின்னோட்டத்தின் தரம் கார்டைப் பாட வைக்கலாம். என்னுடைய பவர் சப்ளை 80 பிளஸ் சான்று பெற்றது. அந்தச் சான்று எவ்வளவு மின்சாரம் வீணாகாமல் போய்ச் சேருகிறது என்பதைத்தான் முதன்மையாக அளக்கிறது. மின்னழுத்தத்தின் சிற்றலைகளைப் பற்றியோ, பாதுகாப்புச் சுற்றுகளைப் பற்றியோ அது எந்த உறுதியும் தருவதில்லை. அண்மையில் அந்தப் பவர் சப்ளை பழுதாகி, உத்தரவாதத்தில் வேறொன்று மாற்றித் தரப்பட்டபோது, கணினி மீண்டும் உயிர்பெற்றதைவிட அந்தச் சத்தம் போயிருக்குமா என்பதே என் முதல் கவலையாக இருந்தது. போகவில்லை. காகிதத்தைக் குழாயாகச் சுருட்டிக் காதில் வைத்துத் தேடியபோது, ஒலி கார்டின் மின்னிணைப்பு முனைக்கு அருகிலிருந்துதான் வருகிறது என்பது உறுதியாயிற்று. இக்கட்டுரையின் தொனியில் கொஞ்சம் கசப்பு தெரிந்தால் அதற்குக் காரணம் அந்த ஏமாற்றம்.

உத்தரவாதத்தில் கார்டையே மாற்றக் கூடாதா என்று கேட்கலாம். ஏற்றுக்கொள்ளும் இடத்தில் ஏசியும் பிற இயந்திரங்களும் எழுப்பும் இரைச்சலுக்கு நடுவே கார்டைப் பொருத்திப் பார்த்துவிட்டு, நன்றாக இயங்குகிறது என்று திருப்பித் தந்தார்கள். அவர்கள் சொன்னது பொய்யன்று. காயில் வைன் சில்லின் ஆயுளைக் குறைப்பதில்லை, வேகத்தைக் குறைப்பதில்லை. பொதுவாக இது பழுதாகக் கருதப்படுவதும் இல்லை. கெடாத பொருளை எப்படி மாற்றிக் கேட்பது?

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். கேபினெட்டின் முன்பக்க ஹெட்போன் துளையில் செருகிக் கேட்கும்போதும், மவுஸை நகர்த்தினால்கூட ஒரு கீச்சொலி வரக்கூடும். அது கணினியின் மின் இரைச்சல் ஒலிச்சுற்றுக்குள் கசிவதால் வருவது. யுஎஸ்பி ஹெட்செட் வாங்கினால் போய்விடும். நான் சொல்லும் ஒலி காற்றில் வருவது. காதை முழுவதும் மூடும் ஹெட்போன் அதை மறைக்கும். ஹெட்போனைக் கழற்றிவைத்துக் கணினியைச் சும்மா விட்டிருக்கும் நேரத்துக்கு அதனால் பயனில்லை.

மருந்து உண்டு. கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரின் அமைப்பில் எஃப்பிஎஸ்ஸுக்கு ஓர் உச்சவரம்பு வைத்தால் முகப்புப் பட்டியின் கூச்சல் உடனே அடங்குகிறது. நொடிக்கு 144 முறை திரையைப் புதுப்பிக்கும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு வழக்கமாகச் சொல்லப்படும் 141 என்ற வரம்பில் பாதி ஒலி போனது. சில்லின் மின்னழுத்தத்தைச் சற்று இறக்கியபோது இன்னும் கொஞ்சம் போனது. 90-க்குக் கொண்டுவந்த பிறகுதான் என் இருக்கையிலிருந்து எதுவும் கேட்காத நிலை ஏற்பட்டது. இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்: 90-இல் பூட்டிய பிறகு கணினி அதுவரை இல்லாத அளவுக்கு இனிமையாகிவிட்டது. கார்டின் மின்செலவு இறங்கியது, ஃபேன்கள் தணிந்தன, ஃபிரேம்களுக்கு இடையிலான இடைவெளி ஒரே சீராக இருப்பதால், 110-க்கும் 140-க்கும் இடையில் அலைந்துகொண்டிருந்ததைவிடக் கண்ணுக்கு இதமாக இருக்கிறது. கதை சார்ந்த ஆட்டங்களுக்கு இதைவிட நல்ல அமைப்பு வேண்டியதில்லை.

ஆயினும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்காக மற்ற இடங்களில் பார்த்துப் பார்த்து மிச்சம் பிடித்தவன் நான். அந்த எண்ணை எட்டக்கூடிய கார்டை வாங்கி, அது எட்டவும் செய்யும்போது, அதன் வாயை மூடுவதற்காக அதன் காலைக் கட்டிப்போட வேண்டியிருப்பது ஒவ்வொரு முறை டிரைவர் புதுப்பிப்பில் அமைப்புகள் அழிந்து அந்தச் சத்தம் திரும்பி வரும்போதும் என் பொறுமையைச் சோதிக்கிறது. போட்டி ஆட்டங்களுக்கு வரம்பை நீக்குகிறேன், நீக்கியதும் கேட்கிறது.

பட்டியலில் இருக்கும் மற்ற அனைத்தையும் நண்பருக்கு மனமாரப் பரிந்துரைத்தேன். பின்னாளில் பணம் சேர்ந்தால் அதே மதர்போர்டில் பயாஸை மட்டும் புதுப்பித்து, 96 எம்பி எல்3 கேஷ் கொண்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி-யைப் பொருத்தலாம் என்பதையும் சேர்த்தே சொன்னேன். அந்தக் கார்டை மட்டும் வாங்க வேண்டாம் என்றேன். அதே சில்லை வேறு தயாரிப்பாளரிடம் வாங்கினால் சத்தம் வராதா என்று அவர் திருப்பிக் கேட்டார். வரலாம். விலை உயர்ந்த கார்டு? அதில் பாயும் மின்னோட்டம் இன்னும் அதிகம், அதிலும் வரலாம். பிறகு இதை மட்டும் ஏன் ஒதுக்க வேண்டும் என்ற அவருடைய கேள்வி முற்றிலும் நியாயமானது. இந்த விலைக்கு இதைவிட வேகமான கார்டை என்னால் காட்டவும் முடியவில்லை. இருந்தாலும் வேண்டாம் என்றுதான் மீண்டும் சொன்னேன்.

அவர் எந்தக் கார்டை வாங்கினாலும், திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் ஒன்றைச் செய்துபார்க்கும்படி கேட்டுக்கொண்டேன்: ஃபிரேம்களை மானிட்டரின் வேகத்தோடு கட்டிப்போடும் விசின்க்கையும் எல்லா எஃப்பிஎஸ் வரம்புகளையும் நீக்கிவிட்டு, ஏதாவது ஓர் ஆட்டத்தின் முகப்புப் பட்டியைத் திறந்துவைத்து, அறையின் ஃபேனை நிறுத்திவிட்டு, தாம் வழக்கமாக உட்காரும் தூரத்தில் சில நிமிடம் அமர்ந்து கேட்க வேண்டும். கேட்டால், பெஞ்ச்மார்க் எண்களைப் பார்த்து மனம் மாறுவதற்கு முன் அதைப் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.