கறுப்புச் சாயம்: கடை பாட்டிலா, வினிகரும் இரும்புமா?

கிருஷ்ணகிரியில் வீட்டு மாடியில் பெல்ட்டும் பர்ஸும் தைக்கிறேன். தோலைக் கறுப்பாக்க கடையில் கிடைக்கும் ஸ்பிரிட் சாயம், வீட்டில் வினிகரில் இரும்பை ஊற வைத்து எடுக்கும் சாயம் இரண்டையும் போட்டுப் பார்த்தாயிற்று. இப்போது நான் வினிகர் பக்கம்.

கடை பாட்டிலில் காத்திருக்க வேண்டாம், பழுப்பு, சிவப்பு எல்லாம் கிடைக்கும். வினிகரில் கறுப்பு மட்டும்தான், அதுவும் மரப்பட்டை போட்டுப் பதனிட்ட தோலாக இருக்க வேண்டும்; குரோமிய உப்பில் பதனிட்ட குரோம் தோலில் பாச்சா பலிக்காது.

என்னை மாற்றியது மாமாவின் வெள்ளை வேட்டி. ஸ்பிரிட் சாயம் போட்ட அகல பெல்ட் ஒன்றைக் கொடுத்தேன். சித்திரை வெயிலில் மாந்தோப்பைச் சுற்றிவிட்டு வந்தவர் இடுப்பைக் காட்டி, “ஏன் மாப்ளே, பெல்ட்டு குடுத்தியா, மை டப்பா குடுத்தியா?” என்றார். அந்தச் சாயத்தில் தோல் குடித்தது போக மிச்சம் மேலேயே தங்கிவிடும். துணியால் தேய்த்துத் தேய்த்து எடுத்தாலும் வியர்வை பட்டால் கொஞ்சம் இறங்கத்தான் செய்கிறது. வினிகர் கரைசலில் தனியாகச் சாயம் என்று எதுவும் இல்லை. அதிலுள்ள இரும்பு, தோலில் ஏற்கெனவே இருக்கும் டானினோடு, அதாவது துவர்ப்போடு சேர்ந்து உள்ளேயே கறுக்கிறது. கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்து மை காய்ச்சினார்களே, அதே வித்தைதான். பிரஷால் ஒரு இழுப்பு இழுத்தால் முதலில் சாம்பல், பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுப்பு. எங்காவது வெளிறித் தெரிந்தால் கடுக்காய்த் தண்ணீர் தடவிவிட்டு மறுபடி பூசுகிறேன்.

செய்வது சுலபம். மளிகைக் கடை வெள்ளை வினிகரில் கட்டுக்கம்பித் துண்டுகளைப் போட வேண்டும். கம்பியை முதலில் சோப்பு போட்டுக் கழுவி எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிடுங்கள். பாத்திரம் தேய்க்கும் ஸ்க்ரப்பர் வேண்டாம், அது துருப்பிடிக்காத எஃகு, சீக்கிரம் கரையாது. எனக்குப் பத்து நாள் ஆகிறது. பூசி முடித்ததும் அரை லிட்டர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் ஆப்பசோடா கலந்து துடைத்து, நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் முழுதாகக் காய்வதற்குள் எண்ணெய் போட்டுவிட வேண்டும். இதைச் சோம்பேறித்தனத்தில் விட்டால் புளிப்பு தங்கி நாளடைவில் தோல் வெடிக்கும்.

தலைவலி சேமிப்பில்தான். ஊறும்போது ஹைட்ரஜன் வாயு கிளம்பும், அதனால் மூடியை இறுக்கக் கூடாது, அடுப்புப் பக்கம் வைக்கவே கூடாது. நான் ஒரு முறை இறுக்கி மூடிய பிளாஸ்டிக் பாட்டில் பலூன் மாதிரி உப்பி நின்றது. குமிழி அடங்கியதும் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, சின்னக் கண்ணாடி பாட்டில்களில் கழுத்து வரை நிரப்பிவிடுகிறேன். பாதி பாட்டிலில் காற்று புகுந்து, கரைசல் துரு நிறமாகி அடியில் வண்டல் கட்டும். ஒரு துண்டுக் கம்பியை உள்ளேயே விட்டால் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும், ஆனால் அந்த பாட்டிலின் மூடி தளர்வாகவே இருக்கட்டும். கடைச் சாயத்துக்கு இந்தப் பாடு எதுவும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

நான் வினிகரில் செய்த பெல்ட்டுகளில் மூத்ததற்கே இரண்டு வயதுதான், பத்து வருஷக் கதை என்னிடம் இல்லை. அதைக் கட்டியிருப்பது மாமாதான், அதே வெள்ளை வேட்டியோடு.