மெசேஜ் பாக்ஸ் பட்டன் பெயர்: டைமரா, சொந்த விண்டோவா?

கோப்புகளை இடம் மாற்றும் ஸ்கிரிப்ட் ஒன்றை, விண்டோஸ் வேலைகளைத் தானாகச் செய்யவைக்கும் மொழியான ஆட்டோஹாட்கீயில் வைத்திருக்கிறேன். அதே பெயரில் கோப்பு ஏற்கெனவே இருந்தால் ‘மேலெழுது’, ‘வேறு பெயரில் சேமி’, ‘விட்டுவிடு’ என்று மூன்று பட்டன்கள் கேட்க வேண்டும். கேள்வி கேட்கும் சின்னப் பெட்டியான மெசேஜ் பாக்ஸோ யெஸ், நோ, கேன்சல் என விண்டோஸ் வைத்திருக்கும் பெயர்களைத்தான் தரும்.

இதற்குப் பலரும் போடுவது டைமர். பெட்டியைத் திறக்கும் முன் 50 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை அடிக்கும் டைமரை ஓடவிட்டு, தலைப்பை வைத்துப் பெட்டியைப் பிடித்து, பட்டனின் எழுத்தை மாற்றும் கன்ட்ரோல்செட்டெக்ஸ்ட் கட்டளை கொண்டு பெயர்களை மாற்றிவிடலாம். பத்துப் பன்னிரண்டு வரிதான். இன்னொரு வழி, விண்டோ அமைக்க ஆட்டோஹாட்கீயில் உள்ள ஜியுஐ வசதி கொண்டு சொந்த விண்டோ போடுவது. நான் இப்போது இருப்பது இந்தப் பக்கம்.

காரணம் பராமரிப்பு. ஆட்டோஹாட்கீ பதிப்பு 1-இல் நன்றாக ஓடிய டைமர், 2-க்கு மாற்றிய அன்றே பிழை காட்டியது. பிழையை மூடினால் பழையபடி யெஸ், நோ. தேடிப் பார்த்ததில் விஷயம் இதுதான்: இயல்பாக, 1-இல் கொடுத்த சொல்லில் தலைப்பு தொடங்க வேண்டும், 2-இல் தலைப்பில் எங்கே இருந்தாலும் போதும். என் பெட்டியின் தலைப்பு ‘கோப்பு’. பிரௌசரில் திறந்திருந்த பக்கத்தின் தலைப்பு நடுவிலும் அதே சொல். டைமருக்கும் பெட்டிக்கும் இடையில் கோப்பு அளவைக் கணக்கிடும் வரிகள் வேறு இருந்தன. பெட்டி வருவதற்குள் டைமர் பிரௌசரைப் பிடித்து, தன்னை நிறுத்திக்கொண்டு, அங்கே இல்லாத பட்டனைத் தேடியிருக்கிறது. தலைப்போடு டயலாக்கின் கிளாஸ் பெயரான (விண்டோ எந்த வகை என்று சொல்லும் பெயர்) #32770-ஐயும் சேர்த்ததும் சரியானது. டைமர் முறையிலேயே இருப்பவர்கள் முதலில் இதைச் செய்துவிடுங்கள்.

ஆனால் அதற்குப் பிறகும் ஒன்று உறுத்தியது. பட்டனில் ‘வேறு பெயரில் சேமி’ என்று எழுதினாலும் திரும்பி வரும் விடை ‘நோ’தான். ஆறு மாதம் கழித்து அந்த வரியைப் படித்தால், ‘நோ’ என்றால் எதற்கு நோ? கோப்பை அழிக்கக்கூடிய இடத்தில் இப்படி ஊகிக்க எனக்கு மனம் வரவில்லை. பட்டனின் அகலமும் மாறாது என்பதால் நீளமான பெயர் வெட்டுப்பட்டுத் தெரியும். ஜியுஐயில் அகலம் குறிப்பிடாமல் விட்டால் எழுத்துக்கு ஏற்றபடி பட்டனே விரிந்துகொள்ளும்.

சொந்த விண்டோவில் வேலை கூடுதல்தான். விண்டோவைக் காட்ட ஷோ கொடுத்தால் ஸ்கிரிப்ட் காத்திருக்காமல் அடுத்த வரிக்குப் போய்விடும். விண்டோ மூடும்வரை காத்திருக்கவைக்கும் வின்வெயிட்க்ளோஸ் சேர்க்க வேண்டும். எஸ்கேப் கீ, மூடும் பட்டன் இரண்டும் என்ன செய்ய வேண்டும் என்று நாமே சொல்ல வேண்டும். கன்ட்ரோல்-சி அடித்தால் செய்தி நகலாவது, குறிப்பிட்ட நேரத்தில் தானாக மூடுவது எல்லாம் மெசேஜ் பாக்ஸில் கிட்டத்தட்ட இலவசம்.

விண்டோஸ் விஸ்டாவில் வந்த டாஸ்க் டயலாக் என்ற பெட்டி நம் பெயர்களை நேரடியாகவே ஏற்கும். ஆனால் விண்டோஸின் உள் ஃபங்ஷன்களை அழைக்கும் டிஎல்எல்கால் வழியாக, அது கேட்கும் தகவல் தொகுப்பான ஸ்ட்ரக்ட் ஒன்றைக் கையால் நிரப்ப வேண்டும். ஒரே ஒரு ஸ்கிரிப்டில்தான் வைத்துப் பார்த்தேன், ஓடியது. நாள்பட எப்படி என்று சொல்லும் அளவுக்குப் பழகவில்லை.

இரண்டு சின்னச் சொற்கள், ஒரே ஒரு ஸ்கிரிப்ட் என்றால் டைமர் போதும். என் விண்டோவை ஒரு ஃபங்ஷனாகவே மாற்றிவிட்டேன்: பட்டன் பெயர்களை அரேயாக (பட்டியலாக)க் கொடுத்தால், அழுத்திய பெயரே விடையாகத் திரும்பி வரும். எஸ்கேப் அடித்தால் வெற்று விடை. அதற்கு எந்தக் கோப்பையும் தொடாமல் விட்டுவிடுகிறது.