சுரங்கக் குத்தகை: விண்ணப்பமா, ஏலமா, அரசு நிறுவனமா?

மண்ணுக்கு அடியில் கிடக்கும் தாதுவை யாரிடம் கொடுப்பது, அதற்கு எவ்வளவு வாங்குவது? சுரங்கக் கொள்கையில் பாதி இந்த இரண்டு கேள்விக்குள் அடங்கிவிடும். இந்தியா மூன்று வழிகளில் போயிருக்கிறது. 2015 வரை விண்ணப்பம், அதன் பிறகு ஏலம், இரண்டு காலத்திலும் அரசு நிறுவனங்களுக்குத் தனி ஒதுக்கீடு.

இரும்புத் தாதுவை எடுத்துக்கொள்வோம். மாநிலவாரியாக, தரவாரியாக சராசரி விற்பனை விலையை இந்தியச் சுரங்கப் பணியகம் மாதாமாதம் வெளியிடுகிறது. அந்த விலை 100 ரூபாய் என்றால், ராயல்டி (தாதுவுக்காக அரசுக்குக் கட்டும் உரிமைத்தொகை) மூன்று வகைக் குத்தகைக்கும் ஒன்றுதான், 15 ரூபாய். மற்ற பெரிய தொகைகள்தான் மாறும்; சிறு கட்டணங்களை இங்கே சேர்க்கவில்லை.

பழைய விண்ணப்பக் குத்தகை: சுரங்கம் பாதித்த ஊர்களுக்கான நிதியான மாவட்ட கனிம அறக்கட்டளைக்கு ராயல்டியில் 30%, அதாவது 4.50. மொத்தம் 19.50.

நீட்டிப்பு பெற்ற அரசு நிறுவனக் குத்தகை: அந்த 19.50-உடன், 2021 சுரங்கச் சட்டத் திருத்தப்படி ராயல்டியைப் போல ஒன்றரை மடங்கு, 22.50. மொத்தம் 42.

ஏலக் குத்தகை: அறக்கட்டளைக்கு ராயல்டியில் 10%, அதாவது 1.50. அதற்கு மேல், தாதுவின் மதிப்பில் இத்தனை சதவீதம் தருகிறேன் என்று ஏலத்தில் கேட்ட தொகை. ஒடிசாவில் 2020 மார்ச் 31-இல் காலாவதியான குத்தகைகளை ஏலம் விட்டபோது சில சுரங்கங்களுக்கு 90%-க்கு மேலும், 100%-ஐத் தாண்டியும் கேட்டார்கள். 95% என்று வைத்தால் மொத்தம் 111.50.

நூறு ரூபாய்ப் பொருளுக்கு 111 ரூபாய் யார் கட்டுவார்? சொந்த உருக்காலை வைத்திருப்பவர் கட்டுவார். தாது தடையில்லாமல் வந்தால் போதும், லாபத்தை உருக்கில் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. தாதுவை மட்டும் விற்றுப் பிழைக்கும் சுரங்கக்காரருக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

விண்ணப்ப முறைக்குத் திரும்பவே கூடாது. முதலில் வந்தவருக்கு முன்னுரிமை என்ற பெயரில் எல்லாம் அதிகாரியின் விருப்பத்தில் தொங்கியது. ஒடிசாவில் அனுமதித்த அளவுக்கு மேல் தோண்டிய தாதுவின் முழு மதிப்பையும் வசூலிக்கச் சொன்னது 2017 ஆகஸ்ட் 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. 2008 தேசிய கனிமக் கொள்கையை மறுபரிசீலனை செய்யச் சொன்னதும் அதே தீர்ப்புதான். அதிலிருந்து பிறந்ததே தேசிய கனிமக் கொள்கை 2019.

ஏலம் வெளிப்படையானது, அதில் சந்தேகமில்லை. கோளாறு, எதை ஏலம் கேட்கிறார்கள் என்பதில் இருக்கிறது. சதவீதம் லாபத்தின் மேல் அல்ல, அனுப்பிய தாதுவின் மொத்த மதிப்பின் மேல். ஒரு டன் தாதுவுக்கு எத்தனை டன் மேல்மண்ணை அகற்றினீர்கள், பள்ளம் எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் கணக்கில் வராது. அதனால் நல்ல தரத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு மட்டத் தாதுவைப் புதைத்துவிடத் தோன்றும். விலை சரிந்தால் குத்தகையையே திருப்பிக் கொடுக்கத் தோன்றும்.

இன்னொரு ஆபத்து தரக் குறிப்பில். 62 முதல் 65% இரும்புள்ள தாதுவை 58 முதல் 60% என்று எழுதினாலோ, 10 மி.மீ.-க்கு மேற்பட்ட கட்டித்தாதுவைப் பொடித்தாதுக் கணக்கில் அனுப்பினாலோ விலை இறங்கும். பழைய குத்தகையில் மதிப்பில் ஒரு ரூபாய் மறைத்தால் 20 பைசா மிச்சம். ஏலக் குத்தகையில் ஒரு ரூபாய்க்கு மேல் மிச்சம். எனவே ஏலம் விட்ட மாநிலம் முதலில் பலப்படுத்த வேண்டியது ஆய்வகத்தை. லாரி ஏற்றும் முன்பே குவியலின் பல இடங்களில் மாதிரி எடுக்க வேண்டும். அதைக் கலந்து, பிரித்து, முத்திரையிட்டு, ஒரு பங்கை மறுசோதனைக்கு வைக்க வேண்டும். குவியலின் ஓரத்தில் மட்டும் அள்ளிய மாதிரியை நம்பக்கூடாது. பெரிய கட்டிகள் உருண்டு ஓரத்துக்கு வந்துவிடும், பொடி நடுவில் தங்கிவிடும்.

மனதை உறுத்துவது அந்த 1.50. கருவூலத்துக்கு மிக அதிகம் தரும் முறையில்தான், தூசியைச் சுவாசிக்கும் கிராமத்துக்குக் குடிநீரும் மருத்துவமும் தரவேண்டிய நிதிக்கு மிகக் குறைந்த பங்கு. ஏலத் தொகையிலிருந்தே அறக்கட்டளைக்கு ஒரு பங்கு ஒதுக்கச் சட்டம் வேண்டும்.

அரசு நிறுவனம் நடுவழி. திடீரென்று கைவிட்டுப் போகாது, மட்டத் தாதுவையும் எடுக்கும் பொறுமை உண்டு. ஆனால் ஒதுக்கி வாங்கிய பரப்பை ஆண்டுக்கணக்கில் தோண்டாமல் வைத்திருக்கும் ஆபத்து உண்டு. காலக்கெடுவைக் கண்டிப்பாக அமல்படுத்த வேண்டும்.

கடைசியாக, ஏலத்துக்கு முன் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பது. ஆய்வில் ஜி4 என்பது மேலோட்டத் தேடல், ஜி1 என்பது நெருக்கமாகத் துளையிட்ட நிலை. தேடலையும் தோண்டலையும் சேர்த்துத் தரும் கூட்டு உரிமத்தை ஜி4-லேயே ஏலம் விடலாம். மதுரை மேலூர் பக்கம் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி அப்படிக் கூட்டு உரிமத்துக்குப் போனதுதான். 2015.51 ஹெக்டேர் பரப்பு. அதற்குள்ளேயே 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த அரிட்டாபட்டி. 2024 நவம்பரில் ஏலம் முடிந்தது, ஊர்கள் திரண்டன, 2025 ஜனவரியில் மத்திய அரசு ரத்து செய்தது. வரைபடத்தில் அந்தப் பாரம்பரியத் தலத்தின் 193 ஹெக்டேரை முன்னரே கழித்து, கிராம சபையையும் ஏலத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும்.