கெகோனா, நாச்சியா, ஃபுகுரோடாவா? ஒரே ஓர் அருவிக்குத்தான் நேரம் என்றால்

ஜப்பானுக்குச் சுற்றுலா போகிறவர்கள் கையில் பெரும்பாலும் பத்து நாள்தான் இருக்கும். டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா, ஃபூஜி மலை என்று கழித்தால் மிஞ்சுவது ஒரு நாளோ ஒன்றரை நாளோ. அதில் ஓர் அருவி பார்க்கலாம் என்றால் எதைப் பார்ப்பது? ஜப்பானியர்களிடம் ‘மூன்று பேரருவிகள்’ என்று ஒரு பட்டியல் உண்டு. கெகோனும் நாச்சியும் அதில் நிரந்தரம். மூன்றாம் இடத்துக்குத்தான் இழுபறி. பெரும்பாலும் அது ஃபுகுரோடாவுக்குப் போகும்.

உயரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நாச்சி 133 மீட்டர், ஃபுகுரோடா 120, கெகோன் 97. உயரம்தான் வேண்டும் என்றால் மூன்றையும் விட்டுவிட்டு, தொயாமா பக்கம் நான்கு தட்டாக 350 மீட்டர் விழும் ஷோம்யோவுக்குப் போய்விடலாம். என்னைக் கேட்டால், உங்களை எந்த வழியாக அருவி முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள் என்பதில்தான் இந்த மூன்றும் வேறுபடுகின்றன. கெகோனுக்கு லிஃப்டில் இறங்க வேண்டும், ஃபுகுரோடாவுக்குச் சுரங்கத்துக்குள் நடக்க வேண்டும், நாச்சிக்குப் படியேற வேண்டும். அப்புறம், மூன்றிலும் குளிக்க முடியாது; துண்டோடு கிளம்பிவிடாதீர்கள்.

கெகோனின் பலம், டோக்கியோவிலிருந்து காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்பிவிடலாம் என்பது. அசகுசாவில் தோபு ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் நிக்கோ. அங்கிருந்து பேருந்தில் முக்கால் மணி நேரம். பாதையின் பெயர் இரோஹாசகா. ஏற ஒரு சாலை, இறங்க ஒரு சாலை. இரண்டிலும் சேர்த்து 48 கொண்டை ஊசி வளைவுகள். நாம் ‘அ, ஆ’ என்பதுபோல அவர்களுடைய பழைய எழுத்து வரிசை ‘இ, ரோ, ஹா’ என்று தொடங்கும். அதிலுள்ள 48 எழுத்துகளில் வளைவுக்கு ஒன்றாகப் பலகை நட்டிருக்கிறார்கள். குமட்டல் வருகிறவர்கள் ‘இ’ வருவதற்குள் மாத்திரை போட்டுக்கொள்வது நல்லது. அக்டோபரில் இலை சிவக்கும் வார இறுதியில் போனால் அந்த முக்கால் மணி நேரம் மூன்று மணி நேரமாகவும் ஆகலாம்.

மேலே சூசென்ஜி ஏரி. நந்தாய் எரிமலையின் குழம்பு ஆற்றை அடைத்ததால் உண்டான ஏரி அது. அதிலிருந்து வழியும் தண்ணீர்தான் கெகோன். பாறையைக் குடைந்து 1930 முதல் லிஃப்ட் ஓடுகிறது. கட்டணம் கட்டி நூறு மீட்டர் இறங்கி, சில்லென்ற பாதையில் நடந்து வெளியே வந்தால் அருவி நேர் எதிரே. பெரிய அருவி நட்ட நடுவில் ஒற்றைத் தூணாக விழும். ஆனால் கண் அதற்குக் கீழே போகட்டும். பாறைச் சுவரின் இடுப்பில், எரிமலை அடுக்குகளுக்கு இடையிலிருந்து, மெல்லிய நூல் நூலாகத் தண்ணீர் பீறிட்டுக்கொண்டிருக்கும். குளிர்காலத்தில் அவைதான் முதலில் உறைந்து நீலமாகத் தொங்கும். எனக்குப் பெரிய அருவியைவிட இந்தக் கசிவுகள்தான் பிடிக்கும். ஒரே எச்சரிக்கை மூடுபனி. மழைக்காலமான ஜூன், ஜூலையில் அருவியின் சத்தம் மட்டும் கேட்கும், எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். லிஃப்டுக்குச் சீட்டு வாங்குமுன் மேலேயே இருக்கும் இலவசத் தளத்தில் நின்று ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

நாச்சிக்கு ஒரு நாள் போதாது. ஒசாகாவிலிருந்து கடலோரமாகவே போகும் குரோஷியோ விரைவு ரயிலில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். இறங்குவது கீ கட்சுரா என்ற சூரை மீன் துறைமுகத்தில். இரவு அங்கே தங்கிவிட்டு, காலைப் பேருந்தில் டைமோன்சகாவில் இறங்குங்கள். பேருந்து அருவி வாசல் வரைக்கும் போகும், ஆனால் அதில் போனால் பாதி நாச்சியை இழந்துவிடுவீர்கள். டைமோன்சகா என்பது பழைய யாத்திரைப் பாதை: பாசி படிந்த 267 கல் படிகள், இருபுறமும் நூற்றாண்டுகள் கண்ட செடார் மரங்கள். இந்த யாத்திரைப் பாதைகளும் சேர்ந்துதான் 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின.

மேலே செய்கன்டோஜி என்ற பௌத்தக் கோயில். இந்தியாவிலிருந்து கடல்வழி வந்து கரையொதுங்கிய ராக்யோ என்ற துறவி அதை நிறுவினார் என்பது தல புராணம். சிவப்புக் கோபுரத்தையும் அருவியையும் ஒட்டி வைத்த படத்தை எல்லா விளம்பரத்திலும் பார்த்திருப்பீர்கள். அது தொலைநோக்கு லென்ஸ் செய்யும் வேலை. நேரில் இரண்டுக்கும் நடுவே நல்ல தூரம் இருக்கிறது.

அருவியடியில் இருப்பது ஹிரோ ஆலயம். வாசலில் தோரணம்போல டோரி என்ற நுழைவாயில் நிற்கும். அதைத் தாண்டிப் போனால் கருவறை என்று எதுவும் கிடையாது. அருவிதான் சாமி. அண்ணாந்து பார்த்தால் உச்சியில் குறுக்கே ஒரு வைக்கோல் கயிறு தெரியும், அதன் கீழே தண்ணீர் மூன்று பிரியாகப் பிரிந்து இறங்கும். ஆண்டுக்கு இருமுறை, ஜூலை 9ஆம் தேதியும் டிசம்பர் 27ஆம் தேதியும், அந்த உச்சிக்குப் போய்க் கயிற்றை மாற்றுகிறார்கள். ஜூலை 14 தீத் திருவிழாவில் ஒவ்வொன்றும் ஐம்பது கிலோ கனமுள்ள 12 தீப்பந்தங்களைத் தூக்கி வருவார்கள். 2012இல் மூன்று மலையேறிகள் இந்த அருவியில் ஏறப்போய்க் கைதானார்கள். சாமி மேல் கால் வைத்தால் சும்மா விடுவார்களா?

ஃபுகுரோடா இபராகி மாகாணத்தில், டாய்கோ என்ற சிறு ஊரில் இருக்கிறது. 276 மீட்டர் சுரங்கத்துக்குள் நடந்தால், முடிவில் 73 மீட்டர் அகலப் பாறை மேல் நான்கு தட்டாகத் தண்ணீர் சறுக்கி வருவது தெரியும். கர்ஜனையெல்லாம் இல்லை. மிட்டோவிலிருந்து வரும் சுய்குன் ரயில் எப்போதாவதுதான் உண்டு. ஒன்றை விட்டால் பகல் போச்சு. கடும் குளிரில் அருவி முழுவதும் உறைந்தால் காட்சியே வேறு, ஆனால் அப்படி முழுதாக உறைவது இப்போது குறைந்துவிட்டது. அதை நம்பிப் பயணச்சீட்டு எடுக்க வேண்டாம். வாசலில் குச்சியில் குத்தி, உப்புத் தடவிச் சுட்டுத் தரும் ஆயு மீன் நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

சரி, எது? வயதான அப்பா அம்மாவோடு, டோக்கியோவிலேயே தங்கியிருந்தால் கெகோன். முழங்கால் சம்மதித்து ஓர் இரவும் ஒதுக்க முடிந்தால், யோசிக்காமல் நாச்சி. ஜேஆர் ரயில்களில் செல்லும் சுற்றுலாச் சீட்டான ஜேஆர் பாஸ் கையில் இருந்தால் கணக்கு இன்னும் நாச்சி பக்கம் சாயும்: குரோஷியோவுக்கு அது செல்லும், தோபு ரயிலுக்குச் செல்லாது. ஃபுகுரோடா இரண்டாம், மூன்றாம் முறை ஜப்பான் போகிறவர்களுக்கு.

மூன்றுக்குமே நேரமில்லை என்றால் ஃபூஜியின் மேற்கு அடியில் ஷிராய்தோ இருக்கிறது. உயரம் வெறும் 20 மீட்டர், ஆனால் அகலம் 150. ஃபூஜியின் பனி உருகிப் பூமிக்குள் இறங்கி, பாறை இடுக்குகளிலிருந்து வெள்ளை நூல்களாக வெளியே வருகிறது. ஃபூஜினோமியா நிலையத்திலிருந்து பேருந்தில் அரை மணி நேரம்தான். ஃபூஜிக்கு ஒதுக்கிய நாளிலேயே முடிந்துவிடும்.