பொம்பேயா, ஹெர்குலேனியமா? நேப்பிள்ஸில் இரண்டே நாள் தங்குகிறவர்களுக்கு

இத்தாலியின் நேப்பிள்ஸுக்கு இரண்டு நாள் போகிறவர்களுக்கு ஒரு நாள் ஊருக்குள்ளேயே கழிந்துவிடும். பழைய நகரத்துச் சந்துகள், தேவாலயங்கள், பீட்சாவுக்கு வரிசை என்று பொழுது போவதே தெரியாது. மிச்சமிருக்கும் ஒரு நாளில், கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை புதைத்த இரண்டு ஊர்களில் எதைப் பார்ப்பது? பெரும்பாலோர் யோசிக்காமல் பொம்பேய்க்கு டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். கேள்விப்பட்ட பெயர், வேறு காரணம் இல்லை. நேரம் குறைவு என்றால் என் ஓட்டு ஹெர்குலேனியத்துக்கு.

பொம்பேய் பெரிய ஊர். மதிலுக்குள் சுமார் 66 ஹெக்டேர், நம் கணக்கில் 160 ஏக்கருக்கு மேல். மூன்றில் இரண்டு பங்கு தோண்டியாகிவிட்டது. கரடுமுரடான கல் பாவிய தெருக்களில், நிழலே அதிகம் இல்லாமல் நடக்க வேண்டும். ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் மதியத்துக்குள் பாதிப் பேர் துவண்டுவிடுவார்கள். ஹெர்குலேனியத்தில் திறந்திருப்பது நாலைந்து ஹெக்டேர்தான். மீதி இன்றைய எர்கொலானோ ஊரின் வீடுகளுக்கு அடியில் கிடக்கிறது. இரண்டரை மணி நேரத்தில் நிதானமாகவே பார்த்துவிடலாம்.

ஆனால் சின்னது என்பதற்காக நான் அதைச் சொல்லவில்லை. இரண்டு ஊரும் அழிந்த விதம் வேறு. பொம்பேய் மேல் முதலில் நுரைக்கல் மழையாகக் கொட்டியது. பாரம் தாங்காமல் கூரைகள் இடிந்தன, மாடிகள் பெரும்பாலும் போயின. ஹெர்குலேனியத்தை அனல் சாம்பல் வெள்ளமாக வந்து மூடியது, சுமார் 20 மீட்டர் ஆழத்துக்கு. அந்தச் சூட்டில் மரம் எரிந்து போகாமல் கரியாகி அப்படியே நின்றுவிட்டது. அதனால் இங்கே மாடி இருக்கிறது, உத்தரம் இருக்கிறது. ஒரு வீட்டில் கூடத்தை மறைக்கும் மரத் தடுப்புக் கதவு, வெண்கலப் பிடிகளோடு நிற்கிறது. இன்னொரு வீட்டுச் சுவரில் கடல் தெய்வம் நெப்டியூனும் அவன் மனைவியும் நீலமும் பச்சையுமான கண்ணாடிச் சில்லுகளில் மின்னுகிறார்கள். அதை ஒட்டிய கடையில் ஜாடிகளை அடுக்கி வைக்கும் மரச் சட்டம்! பரண் போட்ட நம்மூர்ப் பழைய மளிகைக் கடை மாதிரி. அக்காலக் கடற்கரையில் படகு நிறுத்தும் வளைவுகளுக்குள் ஒதுங்கிய சுமார் 300 பேரின் எலும்புக்கூடுகள் 1980 முதல் கிடைத்தன.

சரி, பொம்பேயில் இருக்கும் எது இங்கே இல்லை? ஒரு முழு நகரத்தின் பிரமிப்பு இல்லை. வண்டிச் சக்கரம் தேய்த்த தடங்கள், தெருவைக் கடக்கப் போட்ட மேடைக் கற்கள், பொதுச் சதுக்கத்துக்குப் பின்னால் அந்த எரிமலையே நிற்கும் காட்சி, ஆம்பிதியேட்டர். அப்புறம், சாம்பலுக்குள் உடல்கள் மக்கிய வெற்றிடத்தில் பிளாஸ்டர் கலவை ஊற்றி 1863இல் தொல்லியலாளர் ஃபியோரெல்லி எடுக்கத் தொடங்கிய மனித வார்ப்புகள். இவற்றுக்காகத்தான் வருகிறீர்கள் என்றால் பொம்பேய்க்கே போங்கள். ஆனால் முழு நாளையும் அதற்கே கொடுங்கள். ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல் விடுவதில்லை, டிக்கெட்டில் பெயரும் இருக்கும். முன்பதிவு அவசியம். மாதத்தின் முதல் ஞாயிறு நுழைவு இலவசம் என்பது ஆசை காட்டும். கூட்டத்தை நினைத்தால் நான் போகமாட்டேன்.

போக்குவரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. சொரெண்டோ போகும் அதே சிர்க்கும்வெசுவியானா ரயில்தான். ஹெர்குலேனியத்துக்கு இறங்க வேண்டிய எர்கொலானோ ஸ்காவி ஸ்டேஷன் நேப்பிள்ஸிலிருந்து சுமார் 20 நிமிடம், அங்கிருந்து கடல் பக்கமாக இறக்கத்தில் பத்து நிமிட நடை. பொம்பேய் 35, 40 நிமிடம், வாசல் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே. கூட்டம் நெரியும், பர்ஸை முன் பாக்கெட்டில் வையுங்கள்.

ஒரே நாளில் இரண்டையும் பார்க்கலாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். பார்க்கலாம்தான், இரண்டாவது ஊரில் கண்ணுக்கு எதுவும் பதியாது. அதைவிட, காலையில் ஹெர்குலேனியம், மாலையில் நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொம்பேயின் சிறந்த ஓவியங்களும் சிலைகளும் பெரும்பாலும் அங்கேதான் வந்து சேர்ந்திருக்கின்றன. 1938இல் பொம்பேயில் கிடைத்த இந்திய யானைத்தந்தப் பெண் சிலையும் அங்கேதான், ஒரு காலத்தில் பூட்டியே வைத்திருந்த ‘ரகசிய அறை’யில். லட்சுமி என்று பெயர் வைத்துவிட்டார்கள். யட்சி என்பதே பொருத்தம் என்று இப்போது பலர் சொல்கிறார்கள். செவ்வாய்க்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை, நாளைக் குறிக்கும்போது அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.