மருத்துவ ஆய்வுக்கு ஆள் எடுப்பது: நேரடி நியமனமா, ஏஜென்சியா, சி.ஆர்.ஓ.வா?

அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) நிதியில் மூன்று வருட ஆய்வு கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நோயாளிகளைச் சேர்க்க, வீடு தேடிப் போக, ரத்த மாதிரிகளைப் பாதுகாக்க, கணக்கு எழுத ஆள் வேண்டும். நிரந்தர ஊழியர்களுக்கு அவரவர் வேலையே தலைக்கு மேல் கிடக்கிறது. மிச்சம் இருப்பது மூன்று வழி.

முதலாவது, ப்ராஜெக்ட் ஸ்டாஃபை நேரடியாக ஒப்பந்தத்தில் எடுப்பது. விளம்பரம், நேர்காணல், ஒப்புதல் என்று தொடக்கமே இழுத்தடிக்கும். நிதி தாமதமானால் சம்பளமும் நிற்கும். ஆனாலும் ஆளைத் தேர்ந்தெடுப்பது ஆய்வாளர். களவேலையில் அதன் அருமை தெரியும். ஆறாம் மாதம் போய்ப் பார்த்தால் நோயாளியின் வீடு பூட்டியிருக்கும். அந்தத் தெருவில் பழகிய களப்பணியாளர் எதிர் டீக்கடையில் விசாரித்து, மகள் வீட்டு முகவரியை வாங்கிவிடுவார். போன வாரம் வேலைக்குச் சேர்ந்தவர் ‘தொடர்பில் இல்லை’ என்று எழுதிவிட்டுத் திரும்புவார்.

சென்னைக்கு இது புதிதல்ல. 1956-ல் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம்தான் இன்று சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். சானடோரியம் என்கிற காசநோய் மருத்துவமனையில் படுக்க வைத்துத்தான் குணப்படுத்த வேண்டுமா, வீட்டில் வைத்தே மருந்து கொடுத்தால் போதுமா என்று அங்கே 193 நோயாளிகளிடம் ஒப்பிட்டார்கள். வீடே போதும் என்ற முடிவு 1959-ல் வெளியானது. அதை உலகம் நம்பியதில், சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணியவர்களுக்கும், மருந்து உள்ளே போனதா என்று சிறுநீரைச் சோதித்தவர்களுக்கும் பெரிய பங்கு உண்டு.

இரண்டாவது, மேன்பவர் ஏஜென்சி. ஆள் சீக்கிரம் வருவார், பி.எஃப்., இ.எஸ்.ஐ. வேலையை ஏஜென்சி பார்த்துக்கொள்ளும். நிர்வாகத்துக்குப் பிடிப்பதும் அதனால்தான். சேவைக் கட்டணமும் ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து பில் வீங்கும், ஊழியர் கையில் வருவதோ குறைவு. வேறு வேலை கிடைத்ததும் கிளம்பிவிடுவார். மாற்று ஆள் வருவார், சரி. மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் எந்த அடுக்கில் யாருடைய மாதிரி இருக்கிறது என்று அவருக்கு யார் சொல்வது? டிரைவர், அலுவலக உதவியாளர் போன்றோருக்கு இந்த வழி தாராளமாகப் போதும்.

மூன்றாவது, சி.ஆர்.ஓ. என்கிற ஒப்பந்த ஆய்வு நிறுவனம், அதாவது மருந்துச் சோதனைகளைக் கட்டணத்துக்கு நடத்தித் தருபவர்கள். இது வேறு ரகம். புது மருந்தைப் பல மையங்களில் சோதிப்பதானால், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே சி.டி.ஆர்.ஐ. என்கிற மருத்துவச் சோதனைகளுக்கான தேசியப் பதிவேட்டில் பதிய வேண்டும், கடுமையான பாதிப்பு நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் அறிக்கை போக வேண்டும். புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகளுக்கான 2019 விதிகளின் இந்தக் கெடுபிடி அவர்களுக்குத் தினசரி வேலை. ஒரே கல்லூரியில் நடக்கும் சின்ன ஆய்வுக்கு அவர்கள் கேட்கும் தொகை கட்டுப்படியாகாது.

யாரை எடுத்தாலும் ஜெம் என்கிற அரசுக் கொள்முதல் போர்ட்டலில் வாங்குவதும், நிதியைச் செலவழித்த விதத்துக்கான பயன்பாட்டுச் சான்றிதழை (யு.சி.) 12-ஏ படிவத்தில் அனுப்புவதும் கல்லூரிக் கணக்குப் பிரிவு வழியாகத்தான் போக வேண்டும். அங்கே ஃபைல் தூங்கினால் அடுத்த தவணை வராது.

என்னைக் கேட்டால், நர்ஸ், லேப் டெக்னீஷியன், களப்பணியாளர், டேட்டா பார்ப்பவர் நால்வரும் நேரடி நியமனம். டிரைவர் ஏஜென்சி மூலம். பல மைய மருந்துச் சோதனையாக இருந்தால் கண்காணிப்புக்கு மட்டும் சி.ஆர்.ஓ. இதையெல்லாம் விண்ணப்ப பட்ஜெட்டிலேயே எழுதிவிடுங்கள், நிதி வந்த பிறகு ஒரு செலவுத் தலைப்பிலிருந்து இன்னொன்றுக்குப் பணத்தை மாற்றத் தனி அனுமதிக்கு அலைய வேண்டியிருக்கும்.