ஆர்டிஐ இணைய சேவை: 10 ரூபாய்க்கு என்ன கிடைக்கும்?

1996-இல் ராஜஸ்தானின் பியாவரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர்-விவசாயிகள் அமைப்பு 40 நாள் தர்ணா இருந்து கேட்டது, ஊராட்சிச் செலவுக் கணக்கின் நகலைத்தான். 2005-இல் தேசிய அளவில் தகவல் உரிமைச் சட்டம் (ஆர்டிஐ) வந்தது. மத்திய அரசு அலுவலகங்களுக்கு ஆர்டிஐ இணையதளத்திலேயே மனு போடலாம்: கட்டணம் 10 ரூபாய், 3000 எழுத்து வரை. மாநில அலுவலகத்துக்கான மனுவை இதில் போடாதீர்கள். திருப்பிவிடுவார்கள், பணமும் வராது.

பலர் சறுக்குவது கேள்வியில்தான். "ரயில்வே பாலம் ஏன் முடியவில்லை?" என்றால் மழுப்பல்தான் வரும்; சட்டம் தருவது ஆவணத்தை. வேலையின் பெயர், ஆண்டு குறிப்பிட்டு ஒப்பந்தம், அளவுப் புத்தகம் (செய்த வேலையின் அளவைப் பதியும் ஏடு), பில் ஆகியவற்றின் நகல் கேளுங்கள். (சங்கதன் ஊரார் முன் உரக்க வாசித்ததும் பில்லையும் வருகைப் பதிவேட்டையும்தான்.) 30 நாளில் பதில் இல்லையென்றால், அடுத்த 30 நாளுக்குள் அதே தளத்தில் முதல் மேல்முறையீடு, கட்டணம் கிடையாது. மனுவின் பதிவு எண்ணைத் தொலைத்துவிடாதீர்கள்.